அழித்த கோப்பை எடுப்பது மீட்பா, கண்டெடுப்பா?

மன்னார்குடியிலிருந்து:
அன்பர்களே, பாலிடெக்னிக் மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு திங்கட்கிழமை கும்பகோணத்தில் அச்சுக்குப் போகிறது. ஒரு பாடம் மட்டும் முட்டுகிறது. பிணையச் சேமிப்பகத்தில் (நெட்வொர்க் வழியே பகிரும் வட்டுகளில்) இருந்த மெய்நிகர்ப் பொறியின் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியின்) கோப்புகளை யாரோ கைதவறி அழித்துவிட்டால் என்ன செய்வது? ரீஸ்டோர், ரெகவரி இரண்டுக்கும் 'மீட்பு' என்றே எழுதி வைத்திருக்கிறேன். காப்புநகலிலிருந்து (பேக்கப்) எடுக்கும் ரீஸ்டோரும் வட்டைக் கிளறி எடுக்கும் ரெகவரியும் ஒன்றா? சொல் தாருங்கள்.

திருவையாற்றிலிருந்து:
மீள் என்பது தன்வினையானால் மீட்சி, பிறவினையானால் மீட்பு. கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த நகையை மீட்கிறோம். நகை பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது, ரசீது நம் கையில். ஆகவே மீட்பு காப்புநகலுக்கே உரியது. அழிந்ததற்கு 'எச்சமீட்பு' என்க. மவ்வீறு ஒற்றழிந்து வரும், 'எச்சம்மீட்பு' என்று எழுதிவிடாதீர்கள். 'தக்கார் தகவிலர்' குறளில் எச்சம் என்றால் மக்கள் என்றார் பரிமேலழகர். ஆள் போனபின் எஞ்சி நிற்பது. அழித்த கோப்புக்கும் பெயர்தான் போகிறது, தரவு எஞ்சுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து:
ஐயா, வகுப்பில் எச்சம் என்றால் பையன்கள் காக்கையைத்தான் நினைப்பார்கள்.

நான் சர்வர் அறையில் இருப்பவன், நடப்பைச் சொல்கிறேன். நெட்வொர்க் பகிர்வில் அழித்தது பெரும்பாலும் நம் கணினியின் குப்பைத்தொட்டிக்கு வராது. முதலில் சேமிப்பகத்தில் ஸ்னாப்ஷாட், அதாவது முந்தைய ஒரு நேரத்து நிலையின் பதிவு, இருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் காப்புநகல். இரண்டும் இல்லாவிட்டால்தான் வட்டில் தேடுவது. அழித்தது தெரிந்த உடனே அந்தத் தொகுதியில் (வட்டுப் பகுதியில்) எழுதுவதை நிறுத்த வேண்டும். காலி என்று குறித்த இடத்தில் புதுத் தரவு ஏறிவிட்டால் போச்சு. என்.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் பகிர்வு முறை என்றால் கோப்பு முறைமையே சேமிப்பகத்தின் பக்கம் இருக்கிறது, தேடலும் அங்கேதான். ஹோஸ்டில், அதாவது மெய்நிகர்ப் பொறி ஓடும் கணினியில், உட்கார்ந்து கருவி ஓட்டிப் பயனில்லை.

மெய்நிகர்ப் பொறிகளை ஓட்டும் மென்பொருளான வி.எம்.வேரில் இன்னொரு கதை உண்டு. பொறியின் வட்டான வி.எம்.டி.கே. பெரும்பாலும் இரண்டு கோப்பாக இருக்கும்: சில வரிகளே கொண்ட விவரக் கோப்பு, தரவு முழுதும் உள்ள ஃபிளாட் கோப்பு. விவரக் கோப்பு மட்டும் போனால் ஃபிளாட்டின் அளவை பைட் கணக்கில் பார்த்து, அதே அளவில் புது வட்டு ஒன்றை உருவாக்கி, அதன் விவரக் கோப்பில் பழைய ஃபிளாட்டின் பெயரைப் போட்டால் பொறி எழுந்துவிடும். இது மீட்பா, எச்சமா?

சிதம்பரத்திலிருந்து:
மன்னார்குடி டீச்சருக்கு, சொல் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. தில்லையில் செல்லரித்தவை போக எஞ்சிய தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எடுத்த கதையைச் சொல்லும் நூலின் பெயர் திருமுறை கண்ட புராணம். 'மீட்ட' இல்லை, 'கண்ட'. ஆகவே கண்டெடுப்பு. யாருக்கும் விளக்க வேண்டாம். எந்தச் சோழன் என்ற வழக்கை மட்டும் தயவுசெய்து இங்கே இழுக்காதீர்கள்.

திருவையாற்றிலிருந்து:
இழுக்காமல் எப்படி? ராஜராஜன் என்பார் உண்டு, ஆதித்தன் என்பார் உண்டு. நூல் அபயகுலசேகரன் என்றும் சொல்கிறது. அது கிடக்கட்டும். கண்டெடுப்பு என்பது தெருவில் கிடந்த பர்ஸுக்குப் பொருந்தும். எங்கே இருக்கிறது என்று தெரிந்தே துருவுவதற்கு அது போதாது. எளிமை எளிமை என்று சொல்லி எல்லாச் சொல்லையும் பேச்சுவழக்காக்கினால் கலைச்சொல் எதற்கு?

நாகப்பட்டினத்திலிருந்து:
துருவும்போது கிடைக்குமா என்றே தெரியாது ஐயா. கிடைத்தால் கண்டெடுப்பு, கிடைக்காவிட்டால் மேலதிகாரியிடம் விளக்கக் கடிதம்.

மன்னார்குடியிலிருந்து:
சரி, அச்சகத்தார் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார்கள். ஸ்னாப்ஷாட், காப்புநகல் இரண்டுக்கும் மீட்பு. வட்டில் தேடி எடுப்பது கண்டெடுப்பு. விவரக் கோப்பை 'மறுபடி உருவாக்குதல்' என்றே விட்டேன். பின்னிணைப்பில் கண்டெடுப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எச்சமீட்பு போடுகிறேன்.

திருவையாற்றிலிருந்து:
அடைப்புக்குள் என்றால் வேண்டாம் அம்மா. எடுத்துவிடுங்கள்.