பால்வாடி டீச்சரம்மாவுக்குப் பணி நிறைவு: சங்கம் செய்ய வேண்டியது

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பால்வாடி டீச்சரம்மா இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபின் நம் ஊருக்கு வந்த மையம் அது. சில ஆண்டுகள் கழித்து, மணமாகி நம் ஊருக்கு வந்த புதிதில் அங்கே சேர்ந்தார். இந்தக் குழுவில் பாதிப் பேருக்கு முதல் ஆசிரியை அவர்தான்.

சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன் என்பதால் அவருடைய அருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். புதிதாகச் சேர்ந்த பிள்ளை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதறினால், கையைப் பிரித்து உள்ளே தூக்கிப் போக யாரையும் விடமாட்டார். தாயையும் பாயில் உட்காரச் சொல்வார். பிறகு பிள்ளையிடம் தம்ளர் அடுக்கைக் கொடுத்து, "ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டு வா" என்பார். ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போகும் பிள்ளைக்கு அழுகையும் நின்றுவிடும், எண்ணும் பழக்கமும் தொடங்கிவிடும். புளியங்கொட்டையைப் பொறுக்கிக் கோலப்புள்ளிகளின் மேல் வைக்கச் சொன்னது பிற்பாடு பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கான பயிற்சி. பட்டயப் படிப்பில் இவற்றையெல்லாம் பாடமாகப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவர் வேலை வகுப்போடு முடிந்ததில்லை. மாதாமாதம் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார். கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கினால் அன்று மாலையே அந்த வீட்டு வாசலில் நிற்பார். சத்துமாவைப் பிள்ளை தொட மறுக்கிறது என்றால், வெல்லம் சேர்த்துக் கொழுக்கட்டையாகப் பிடித்துக் காட்டுவார். பின்னால் நின்று கை தட்டியும் திரும்பாத ஒரு பெண் குழந்தையைக் கவனித்து, காது பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி வீட்டாரிடம் மன்றாடியவரும் அவர்தான். அந்தப் பெண் இன்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

இப்படி உழைத்தவருக்கு முழு அரசு ஊழியருக்குரிய ஓய்வூதியம் கிடையாது என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணி முடியும்போது மொத்தமாக ஒரு தொகை (கிராஜுவிட்டி) தரச் சொல்லும் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. குழுவில் உள்ள வழக்கறிஞர்கள் அவருடைய ஆவணங்களைப் பார்த்து, விண்ணப்பம் எழுத உதவ வேண்டும். இதுதான் என் முதல் கோரிக்கை.

அடுத்தது விழா. சால்வையும் நினைவுப் பரிசும் இருக்கட்டும். அவற்றோடு நிறுத்திவிடக் கூடாது. என்ன வேண்டும் என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். தனக்கென்று எதுவும் சொல்லவில்லை. மையத்தில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கை கழுவும் குழாய்களும், அவர்கள் பயமில்லாமல் உட்காரக்கூடிய சிறிய கழிப்பறையும் வேண்டும் என்றார். இப்போது ஆயாம்மா ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப் பிடித்துக் கை கழுவி விடுகிறார். அவருக்கு முழங்கால் வலி.

கோயில் வளைவுக்குத் திரட்டியதில் மீதமுள்ள பணம் சங்கக் கணக்கில் இருக்கிறது. அதை இதற்கு மாற்றலாம் என்பது என் முன்மொழிவு. ஊராட்சித் தலைவரிடமும் வட்டார அலுவலகத்திலும் அனுமதி வாங்கித் தருவதாக ஊரில் உள்ள தம்பிகள் சொல்கிறார்கள். சம்மதமா இல்லையா என்பதை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மே மாதம் ஊருக்கு வருபவர்கள் தேதியையும் குறிப்பிட்டால் விழா நாளை முடிவு செய்துவிடலாம்.