வெளிநாட்டில் ஆய்வுப் படிப்பு, வீட்டில் ஒரு இழப்பு: நிறுத்துவதா, தொடர்வதா?

ஹம்டன் ஒழுங்கை:
போன ஞாயிறு வெள்ளவத்தையில், மேற்படிப்புக்கு வெளிநாடு போகவிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டல் கூட்டம் நடந்தது. பேசிய பெரியவர் ஒருவர், "வீட்டில் என்ன நடந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள். இடையில் நிறுத்தியவன் முடித்ததில்லை" என்றார். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே எழுந்து சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் கனடாவில் உயிர்வேதியியலில் கலாநிதிப் பட்டம் செய்தவன். இரண்டாம் ஆண்டில், 2022 மார்ச் கடைசியில், அப்பா போய்விட்டார். இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நேரம். செத்தவீட்டைத் தொலைபேசியில்தான் பார்த்தேன். மச்சான் பிடித்திருந்த போனில் சார்ஜ் தீர்ந்து, பெட்டி மூடுவதற்கு முன்பே படம் நின்றுவிட்டது. அப்பாவுக்கு நான்கு மாதமாகச் சிறுநீரகம் பழுது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என் படிப்புக் கெட்டுவிடும் என்று எண்ணி ஒருவரும் அதை எனக்குச் சொல்லவில்லை.

கல்லாகத்தான் இருந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் ஆய்வுகூடம் போனேன். ஒரே பரிசோதனையை மூன்று தரம் பிழையாகச் செய்தேன். குளிரில் வைக்க வேண்டிய நொதியை மேசையில் விட்டுவிட்டு அறைக்குப் போனேன். ஜூன் மாதம் தகுதிகாண் பரீட்சையில் தோற்றேன். அதற்குப் பிறகுதான் விடுப்புக் கேட்டு எழுதினேன். எட்டு மாதம் கொழும்பில் இருந்தேன். அப்பாவின் மருந்துத் துண்டுகளை அம்மாவோடு இருந்து அடுக்கினேன், அவர் கடைசியாகப் போய்வந்த ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரு நாள் நடந்து போனேன். திரும்பிப் போய்ப் பரீட்சையில் சித்தியடைந்தேன், பட்டத்தையும் முடித்தேன். நிறுத்தியதால்தான் முடித்தேன்.

கொட்டாஞ்சேனை கணக்கன்:
தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி. ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது.

நான் ஜப்பானில், அந்த நாட்டு அரசு தரும் மொன்புஷோ புலமைப்பரிசிலில் படித்தேன். அதில் விடுப்பில் போனால் மாதப்பணம் நின்றுவிடும். என் பணத்தில்தான் இங்கே தங்கச்சியின் படிப்புச் செலவு ஓடியது. இன்னொரு வகைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கம்பஸில் விரிவுரையாளராக இருந்தபடியே கற்கை விடுப்பில் போகிறவர்கள். பட்டத்தோடு திரும்பி வந்து வேலை செய்யாவிட்டால் பணம் கட்டுவதாகப் பிணை ஒப்பந்தம் எழுதி, சொந்தக்காரர்களைப் பிணைகாரராகக் கையெழுத்து வைக்கவைத்துத்தான் போவார்கள். பட்டம் இல்லாமல் வந்தால், வந்தவர் மட்டுமா மாட்டுவார்? கையெழுத்து வைத்த மாமாவும் மாட்டுவார். "நில், இளைப்பாறு, பிறகு போ" என்பது பின்னால் தாங்க ஆள் இருப்பவர்களுக்குச் சரி.

வானியற்பியலாளர் சந்திரசேகரை நினைத்துப் பாருங்கள். 1930-ல் தாயை நோயில் விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜ் போனார். அடுத்த ஆண்டே தாய் போய்விட்டார், மகன் அங்கேதான் இருந்தார். 1935 ஜனவரியில், அப்போது பேர்பெற்ற வானியலாளரான எடிங்டன் லண்டன் வானியல் சபை நடுவில் எழுந்து, எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குள்ள நட்சத்திரங்கள் பற்றிய சந்திரசேகரின் கணக்கைத் தூக்கி எறிந்தார். சந்திரசேகர் பெட்டி கட்டவில்லை. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

தெகிவளை அக்கா:
நோபல் எடுத்தவர்களை உதாரணம் காட்டுவதை நாங்கள் எப்போது நிறுத்துவோம்? கல்லாக இருந்து உடைந்துபோனவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு.

ஆனால் ஹம்டன் தம்பி, உங்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. "வீட்டுக்கு வாருங்கள்" என்று நீங்கள் சுலபமாகச் சொல்கிறீர்கள். நீங்கள் எட்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும்போது வீட்டில் யாராவது தடுத்தார்களா? நான் இங்கிலாந்தில் மூன்றாம் ஆண்டில் இருக்கும்போது அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அண்ணாவும் வெளிநாட்டில்தான் இருந்தார். பெரியம்மா எனக்கு மட்டும்தான் அழைப்பெடுத்தார். "பொம்பிளைப் பிள்ளை, நீ வந்தால் போதும்" என்றார். ஆறு வாரம் என்று வந்தேன். ஆறு மாதமானது, பிறகு கல்யாணப் பேச்சு, பிறகு ஒன்றரை வருடம். என் ஆய்வேடு பாதியிலேயே நிற்கிறது. அம்மாவைப் பார்த்ததற்கு ஒரு நாளும் வருந்தவில்லை. அண்ணாவிடம் ஒருவரும் கேட்காததுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

ஹம்டன் ஒழுங்கை:
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. என்னை ஒருவரும் தடுக்கவில்லை, உண்மைதான். விமானச் சீட்டுக்கூடச் சித்தப்பா எடுத்துத் தந்தார். ஒரு மகளாக இருந்திருந்தால் அப்படி எடுத்துத் தந்திருப்பாரா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை.

கணக்கன் அண்ணா, சந்திரசேகரின் கதையை நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள். எடிங்டனோடு அவர் கடைசிவரை மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1936-ல் ஊருக்கு வந்து லலிதாவைக் கல்யாணம் செய்தார். 1937-ல் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். தெரிந்ததையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி 1939-ல் வெளியிட்டுவிட்டு, வெண்குள்ள நட்சத்திர ஆய்வை விட்டுவிட்டு வேறு துறைக்கு மாறினார். அடிபட்ட இடத்திலேயே நிற்காமல் விலகியதும் அவர் செய்த வேலைதான். அதற்குக் கல்மனம் என்று எப்படிப் பெயர் வைப்பது?

பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது சரி.

பாமன்கடை:
எங்கள் ஆள் ஒருவரைச் சொல்கிறேன். மானிடவியலாளர் தம்பையா. கோர்னெல்லில் கலாநிதிப் பட்டம் முடித்து வந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். 1956 ஜூனில் மாணவர்களோடு கல்லோயாவில் கள ஆய்வில் இருக்கும்போது அங்கே இனக்கலவரம் வெடித்தது. 1960-ல் யுனெஸ்கோ வேலையாகத் தாய்லாந்து போய், அங்கத்தைய பௌத்தத்தைப் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வர்ட். இந்த நாட்டின் இனவன்முறை பற்றிய புத்தகம் 1986-ல்தான் வந்தது. கல்லோயாவுக்கும் அதற்கும் இடையில் முப்பது வருடம். அவரிடம் யாராவது 1960-ல் "இந்த நாட்டைப் படிப்பதை ஏன் நிறுத்தினாய்" என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்?

கொட்டாஞ்சேனை கணக்கன்:
தம்பையா வேலையை நிறுத்தவில்லை, இடத்தை மாற்றினார். அது என் பக்கத்துக்கு வரும் உதாரணம்.

சரி, என் கதையையும் சொல்கிறேன். என்னை வளர்த்தது அம்மம்மா. அவர் போன செய்தி வந்த இரவு நான் ஆய்வுகூடத்தில் இருந்தேன். ஓடிக்கொண்டிருந்த அளவீட்டை விடியும்வரை இருந்து முடித்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரவில்லை. பட்டம் எடுத்தேன், தங்கச்சி இன்று வைத்தியர். பிழை செய்ததாக நான் நினைக்கவில்லை. ஜிந்துப்பிட்டிக் கோயில் பக்கம் போகும்போது மட்டும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த ஞாபகம் வந்து அந்த வீதியை விட்டுச் சுற்றிப் போகிறேன். பத்து வருடமாக அப்படித்தான். ஆனாலும் சொல்கிறேன், பிடிமானம் இல்லாத பிள்ளைக்கு "நிறுத்து" என்று சொல்லாதீர்கள்.

தெகிவளை அக்கா:
ஒரு நாள் அந்த வீதியால் போங்கள் தம்பி. வேறொன்றும் சொல்லவில்லை.

செப்டம்பரில் புறப்படுகிறேன்:
வணக்கம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், கொப்பியில் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. கனடாவுக்குத்தான் போகிறேன். இப்படி ஒன்று நடந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஹம்டன் ஒழுங்கை:
தங்கச்சி, நான் பிந்திச் செய்ததை நீங்கள் முந்திச் செய்யுங்கள். முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளருக்கும் பட்டப்பின்படிப்பு அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. நான் பரீட்சைக்கு முன்பே எழுதியிருந்தால் திகதியைத் தள்ளிவைத்திருப்பார்கள், தோல்வி பதிவாகியிருக்காது. விடுப்பு எடுத்துக்கொண்டு கனடாவிலேயே இருப்பதென்றால் 150 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கல்வி அனுமதிக்குச் சிக்கல். ஊருக்கு வருவதென்றால், மறுபடி நுழைய விசா செல்லுபடியாகுமா என்று புறப்படுவதற்கு முன் பாருங்கள். துக்கத்தில் அது மறந்துபோகும்.

கொட்டாஞ்சேனை கணக்கன்:
ஒரு விமானச் சீட்டுக்கான காசைத் தனியாக வையுங்கள் பிள்ளை. முதல் வருடத்திலேயே. எதற்கும் தொடாதீர்கள்.

தெகிவளை அக்கா:
வீட்டில் அண்ணா, தம்பி இருந்தால், யார் எப்போது வருவது என்பதைப் போகும் முன்பே பேசி வைத்துவிட்டுப் போங்கள். நோய் வந்த பிறகு அதைப் பேச ஏலாது.

செப்டம்பரில் புறப்படுகிறேன்:
நேற்று இரவு இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஹம்டன் அண்ணாவின் அப்பாவுடைய நோயை மறைத்த இடம் வந்ததும், "உங்களுக்கு ஏதாவது வந்தால் எனக்கு உடனே சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். அம்மா எழுந்துபோய்க் குசினி விளக்கை அணைத்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏற்கெனவே ஒன்று சொல்லாமல் இருக்கிறேன்" என்றார். அடுத்த கிழமை வைத்தியரிடம் நானும் கூடப் போகிறேன்.