ரெஃபரல்ல (உள்ள வேலை பாக்குறவங்க சிபாரிசுல) கன்சல்டிங் வேலைக்கு அப்ளை பண்ணிட்டு பதிலுக்காக உக்காந்திருந்தவங்க வாங்க, கொட்டிட்டுப் போங்க

பெஞ்ச்ல_ஒருத்தன்:
மக்களே, எழுதிடுறேன், இல்லன்னா தூக்கம் வராது. ஐடில டெஸ்டிங் பண்ணிட்டிருந்தேன், கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்ற கன்சல்டிங் பக்கம் தாவணும்னு ஆசை. பெரியப்பா பொண்ணு அக்காவோட வீட்டுக்காரர் ஒரு பெரிய கம்பெனில மேனேஜர், நான் மாமான்னு கூப்பிடுவேன், அவரே "ரெஸ்யூமே அனுப்புடா, போட்டு விடுறேன்"னார். போட்டார், லிங்க் வந்துச்சு, அப்ளை பண்ணேன், "அண்டர் ரிவ்யூ". மீதி உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான்.

விஷயம் அது இல்ல. சொந்தத்துல ஒரு கிரகப்பிரவேசம், பந்தில பக்கத்து இலை மாமாவோடது. தண்ணி தெளிச்சு இலையைத் துடைக்கிறார் துடைக்கிறார், துடைச்சுக்கிட்டே இருக்கார், என் பக்கம் திரும்பவே இல்ல. கடைசில "ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்குல்ல?"ன்னார். ஆமா மாமான்னேன். ரசம் எப்பவும் போலத்தான் இருந்துச்சு. அதுக்குள்ள எங்கம்மா எதிர் வரிசைலேர்ந்து ஊருக்கே கேக்குற மாதிரி "ஏங்க மாப்ள, தம்பி வேலை விஷயம் என்னங்க ஆச்சு?"ன்னு கேட்டுட்டாங்க. மனுஷன் பாயசம் வர்றதுக்கு முன்னாடியே இலையை மூடிட்டு எழுந்துட்டார். அவர் பாயசத்தை விடுற ஆளே கிடையாது.

ஏதோ தெரிஞ்சு மறைச்சாரா, ஒண்ணுமே தெரியாததால எழுந்தாரா, இன்னிக்கு வரைக்கும் புரியல.

தாம்பரம்_லோக்கல்:
உங்களுக்காவது மாமா. எனக்கு காலேஜ் சீனியர் அக்கா போட்டு விட்டாங்க. ட்ரெயின்ல வந்துட்டிருக்கேன், பல்லாவரம் தாண்டியாச்சு, லேடீஸ் பெட்டில நிக்க இடமில்ல, புது நம்பர்லேர்ந்து கால். ட்ரூகாலர்ல சிவப்பா "ஸ்பேம்". லோன் வேணுமான்னு கேக்கப் போறான்னு கட் பண்ணேன், யாரா இருந்தாலும் அதான் பண்ணுவாங்க. திரும்ப வந்துச்சு, எடுத்தேன், "ஹாய், ரெஃபரல் ப்ரொஃபைல் விஷயமா கூப்பிடுறோம்"னு ஒரு பொண்ணு குரல், அதே நேரம் திரிசூலத்துக்கிட்ட ப்ளேன் ஒண்ணு தலைக்கு மேலயே இறங்குது, அவங்க கேட்டது ஒரு வார்த்தை காதுல விழல. ஹலோ ஹலோன்னு நான் கத்துறேன், பெட்டியே என்னைப் பாக்குது, லைன் போச்சு. திருப்பி அடிச்சா எக்ஸ்டென்ஷன் நம்பர் போடுன்னு கம்ப்யூட்டர் குரல். எந்த எக்ஸ்டென்ஷன்னு யாருக்குத் தெரியும்.

அவங்க என்ன கேட்டிருப்பாங்கன்னு இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன். சம்பளமா, நோட்டீஸ் பீரியடா, இல்ல வெறும் பேரா.

பழைய_ஆடிட்டர்:
முதல்ல பெஞ்ச் தம்பிக்கு. உங்க மாமாவுக்கு ஒரு மண்ணும் தெரிஞ்சிருக்காது. நான் அந்த மாதிரி இடத்துல ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன், ரெஃபர் பண்ணவனுக்குப் போர்ட்டல்ல தெரியறதும் நீங்க பாக்குற அதே ஒத்தை வரிதான், சில சமயம் அதுவும் கிடையாது. ரெஃபரல்னா உங்க ரெஸ்யூமேவை ஒரு மனுஷன் திறந்து பாக்க வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான், சீட் கன்ஃபர்ம் இல்ல.

சைலன்ஸ் ஏன்னா, பாதி நேரம் அந்த வேலைக்கு பட்ஜெட்டே கையெழுத்தாகி இருக்காது. ஒவ்வொரு கம்பெனிக்கும் கணக்கு வருஷம் வேற, ஆக்சென்ச்சர்ங்கிற கன்சல்டிங் கம்பெனிக்கு செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடியும், ஏப்ரல்தான் புது வருஷம்னு நாம உக்காந்திருப்போம். 2023 மார்ச்ல அதே கம்பெனி 19,000 பேரைக் குறைக்கறதா அறிவிச்சப்போ அதுல பாதிக்கு மேல க்ளையன்ட்டுக்கு பில் போட முடியாத கார்ப்பரேட் வேலை ஆளுங்கன்னு அவங்களே சொன்னாங்க. ஆள் எடுக்கறவங்களும் அந்தக் கூட்டத்துலதானே வருவாங்க. எந்த கம்பெனியா இருந்தாலும் உங்க ஃபைலை வெச்சிருந்த ரெக்ரூட்டர் போயிட்டா ஃபைல் அங்கயே கிடக்கும், மூடவும் ஆள் இருக்காது.

அப்புறம் ரெஃபரல் லிங்க் வர்றதுக்கு முன்னாடி நேரா கெரியர்ஸ் பேஜ்ல போய் அப்ளை பண்ணாதீங்க, பல சிஸ்டத்துல ரெஃபரல் ஒட்டாது. வேற மெயில் ஐடி போட்டா ரெண்டு ப்ரொஃபைல் ஆயிடும், அது தனித் தலைவலி. இப்ப இருக்குற வேலையை விட 90 நாள் நோட்டீஸ் கொடுக்கணும்னா முதல் காலிலேயே சொல்லிடுங்க. ரெஃபர் பண்ணவர்கிட்ட ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கேக்கலாம், அதுக்கு மேல வேணாம். ஜிமெயில்ல ப்ரமோஷன்ஸ் டேப், ஸ்பேம் ரெண்டையும் பாருங்க. கேஸ் ப்ராக்டிஸை, அதாவது இன்டர்வியூல கேக்குற பிசினஸ் கணக்கைப் போட்டுப் பழகறதை, நிறுத்தாதீங்க.

என் கதை சின்னது. ஒரு பையனை ரெஃபர் பண்ணேன். அன்னிலேர்ந்து தினம் காலைல ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் படம், கீழே "எனி அப்டேட் சார்". ஒரு நாள் என் வீட்டம்மா போனைப் பாத்துட்டு யாருங்க இதுன்னாங்க. அதை விளக்க அரை மணி நேரம் ஆச்சு.

கோவைக்காரி:
ஆடிட்டர் அண்ணா, பட்ஜெட் கிட்ஜெட் எல்லாம் சரிங்ணா, ஆனா பக்கத்து ஆளுக்கு மட்டும் கால் வருதே, அதுக்கு எந்த வருஷக் கணக்கு?

நானும் என் கேஸ் பார்ட்னரும் ஒரே சீனியர் மூலமா ஒரே ரோலுக்குப் போட்டோம். ராத்திரி கூகுள் மீட்ல ப்ராக்டிஸ். அன்னிக்கு நான் கேள்வி கேக்குற ஆள், கோயம்புத்தூர்ல ஒரு வருஷத்துக்கு எத்தனை வெட் கிரைண்டர் விக்கும், சொல்லுன்னேன். வீட்டுக்கணக்கு போட்டான், எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா மாத்துவாங்கன்னு வந்தான், அப்போ மெயில் வந்த சத்தம் கேட்டுச்சு. கண்ணு மட்டும் ஒரு பக்கமா போய் நின்னுது. உடனே மியூட். வாய் அசையுது, யாரையோ கூப்பிடுறான், பின்னாடி அவங்கம்மா ஈரக்கையோட ஓடி வந்து ஸ்க்ரீனை எட்டிப் பாக்குறாங்க. நான் எல்லாம் பாத்துட்டுத்தான் இருக்கேன், கேமரா ஆன்ல இருக்குன்னு அவனுக்கு ஞாபகமே இல்ல. திரும்பி வந்து "சாரி, கொரியர்"னான். அப்புறம் ஹோட்டலுக்கு வாங்குற கிரைண்டர் தனின்னு கணக்கைத் தொடர்ந்தான், விடையும் நல்லாவே வந்துச்சுங்க.

நான் ஒண்ணும் கேக்கல. ஃபீட்பேக் மட்டும் கொடுத்தேன், ஸ்ட்ரக்சர் நல்லாருக்குன்னு.

வெண்டார்_ஐடி_கார்டு:
எனக்கு ரிஜெக்‌ஷன் மெயில் வந்தப்போ நான் அதே கம்பெனி ஆபீஸ்லதான் உக்காந்திருந்தேன். ரெஃபரல் கிணத்துல போட்ட கல்லுன்னு விட்டுட்டு ஒரு வெண்டார் (வெளியேர்ந்து ஆள் அனுப்புற கம்பெனி) மூலமா கான்ட்ராக்ட்ல சேந்துட்டேன், சீட்டு ரெஃபர் பண்ண அண்ணனுக்கு எதிர் சீட்டு. ஒரு மத்தியானம் மெயில், உங்க அனுபவம் எங்களுக்குப் பொருந்தல, எதிர்காலத்துக்கு வாழ்த்துக்கள். அப்போ அவங்க க்ளையன்ட்டுக்குப் போற ஸ்லைடைத்தான் நான் போட்டுட்டிருக்கேன். அண்ணன்கிட்ட காட்டினேன், படிச்சார், "சரி, நாலாவது ஸ்லைடுல கலர் மாத்து"ன்னார்.

பெஞ்ச்ல_ஒருத்தன்:
ஆடிட்டர் சார், நோட்டீஸ் பீரியட் பத்தி நான் கேக்கவே இல்லையே. மாமாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா அதையே அன்னிக்கு இலைல சொல்லியிருக்கலாம்ல, "தெரியலடா"ன்னு, நான் என்ன சொல்லப் போறேன். இப்போ அக்கா வீட்டுக்கு போன் பண்ணவே யோசனையா இருக்கு. சித்தப்பாவுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் வேற கம்பெனில போட்டு விடுறேன்னார், வேணாம்னுட்டேன். இங்க யாராவது சொந்தக்காரங்க இல்லாதவங்க ரெஃபர் பண்ற மாதிரி இருந்தா உள்பெட்டிக்கு வாங்க, ரோஜாப்பூ அனுப்ப மாட்டேன்.