இங்கிலாந்தில் கடை எடுக்கும் நம்மவர்க்கு: லீஸில் கையெழுத்து வைக்கும் முன்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே முதற்கடை எடுப்பவர்கள், ஊரில் உறுதி முடித்த பழக்கத்தோடுதான் லீஸையும் பார்க்கிறார்கள். ஊரில் பெரும்பாலும் ஒரே நொத்தாரிசு இரு பகுதியாருக்குமாக எழுதி, வாசித்துக் காட்டி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து வாங்குவார். இங்கே லீஸை எழுதுபவர் கட்டட உரிமையாளரின் சொலிசிற்றர், அதாவது அவருடைய சட்டத்தரணி. உங்கள் நலனைப் பார்ப்பது அவருடைய வேலை அன்று. "எல்லாருக்கும் போடுகிற வழமையான பிரிவுதான்" என்று ஏஜன்ட் சொன்னாலும், கையெழுத்துக்கு முன் எதையும் பேசி மாற்றலாம்.

முதலில் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். லிமிற்றட் கம்பனி பதிந்தாயிற்று, நட்டம் வந்தால் கம்பனியோடு போய்விடும் என்று நம்பியிருப்பவர், பணிப்பாளராகத் தன் சொந்தப் பெயரிலும் உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தால், கம்பனி மூடப்பட்ட பின்னரும் வாடகை நிலுவைக்காக அவருடைய வீடு, சேமிப்பு வரை கை நீளும். மறுக்க வழியில்லையென்றால், அதற்கு உச்சத் தொகை ஒன்றை எழுதச் சொல்லுங்கள், அல்லது அதற்குப் பதிலாக முற்பணம் வைப்பதாகக் கேட்டுப் பாருங்கள். மைத்துனரைப் பிணை நிற்கக் கூப்பிடுவதானால், அவரும் தனக்கென ஒரு சட்டத்தரணியிடம் கேட்டபின் வருவதே முறை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1954ஆம் ஆண்டுச் சட்டம், லீஸ் முடிந்ததும் அதைப் புதுப்பித்துக் கேட்கும் உரிமையை வியாபாரிக்குத் தருகிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வைக்க, உரிமையாளர் முன்கூட்டியே எச்சரிக்கை அறிவித்தல் தரவேண்டும். அதைத் தந்து 14 நாள் கழியுமுன் லீஸில் கையெழுத்திடுவதானால், நீங்கள் வேறொரு சொலிசிற்றர் முன் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். "பத்து நிமிட வேலை" என்று அனுப்பிவைக்கப்படும் அந்தக் கடதாசி, வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்த கடையைத் தவணை முடிவில் விட்டு வெளியேற வேண்டிவரலாம் என்பதற்கு நீங்கள் தரும் சம்மதம்.

திருத்த வேலைப் பிரிவும் கவனத்துக்குரியது. "நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும்" என்றிருந்தால், ஏற்கனவே ஒழுகும் கூரையைத் திருத்தும் செலவும் உங்கள் தலையில் விழும். திறப்பு வாங்குமுன் கூரை, சுவர், பின்பக்க வடிகால் எல்லாவற்றையும் படமெடுத்து, அன்றைய நிலைமை அறிக்கையாக லீஸுடன் இணைக்கச் செய்யுங்கள்.

இடையில் விலகும் பிரிவு இருந்தால், அறிவித்தல் எந்தத் தேதிக்குள், எந்த விலாசத்துக்குப் போகவேண்டும் என்பதை இப்போதே குறித்து வையுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் அந்த அறிவித்தல் செல்லாது.