மெக்லாரன் எஃப்1: 372ஆ, 386ஆ? 627 குதிரையில் இது எப்படி?

நாலாங்கியர்:

வணக்கம். பரணில் கிடந்த பழைய கார் பத்திரிகை ஒன்றில் மெக்லாரன் எஃப்1 என்ற சாலைக் காரின் உச்ச வேகம் மணிக்கு 231 மைல் என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் 372 கி.மீ. இணையத்தில் எங்கே தேடினாலும் 240 மைல், அதாவது 386. எது சரி? ஒரே கார்தானே?

இன்னொரு குழப்பமும் உண்டு. புகாட்டி வெய்ரான் 407 போவதற்கு 1001 குதிரைத்திறனும் நான்கு டர்போவும் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) வேண்டியிருந்தது. இதில் டர்போவே கிடையாது, வெறும் 627 குதிரை. 21 கி.மீ. கூடுதல் வேகத்துக்கு 374 குதிரையா? யாரோ நன்றாக அளந்து விட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

என் மச்சான் வேறு, "மின்சாரக் கார்களே இப்போது மூன்று வினாடிக்குள் நூறைத் தாண்டுகின்றன. உன் எஃப்1-க்கு மூன்றுக்கு மேல் ஆகிறது, அதைப் போய்த் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறாயே" என்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை.

டைனோ தாத்தா:

தம்பி, இரண்டும் சரிதான். யாரும் அளந்து விடவில்லை.

விற்ற கார்களில் இன்ஜின் நிமிடத்துக்கு 7500 சுற்றைத் தாண்டாதபடி லிமிட்டர் வைத்திருந்தார்கள். ஆறாவது கியரில் 7500 வந்தால் 372. அதோடு கார் மறுத்துவிடும். 1998 மார்ச் 31 அன்று ஜெர்மனியில் ஏரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்துக்கு எக்ஸ்பி5 என்ற ஐந்து வருடப் பழைய முன்மாதிரிக் காரைக் கொண்டுபோய், லிமிட்டரை 8300-க்கு ஏற்றி, பந்தய ஓட்டுநர் ஆண்டி வாலஸ் ஓட்டினார். அப்போது வந்ததுதான் 386.

நான் 22 வருடம் இன்ஜின்களை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் வேலை பார்த்தவன். லிமிட்டரை 800 சுற்று ஏற்று என்று யாராவது சொன்னாலே வயிற்றைக் கலக்கும். ஒருமுறை ஒரு டீசல் இன்ஜின் தவறுதலாக 400 சுற்று கூடுதலாக ஓடிவிட்டது. வால்வு பிஸ்டனில் முட்டிய சத்தத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் டீ கிளாஸைக் கீழே போட்டேன். அதனால் எஃப்1-க்காக பால் ரோஷே குழு செய்த அந்த பிஎம்டபிள்யூ வி12 இன்ஜின் மேல் எனக்குத் தனி மரியாதை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். கியர் அதேதான், டயர் அதேதான். 7500-இல் 372 என்றால் 386-க்கு 7800 சுற்றுக்குச் சற்றுக் குறைவு. 8300 வரை கதவைத் திறந்து விட்டும் 7800-லேயே ஏன் நின்றது? காற்று.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் எட்டு மடங்கு. எஃப்1-இன் காற்றுத் தடை எண் 0.32, முன்பக்கப் பரப்பு 1.79 சதுர மீட்டர். 386 கி.மீ. என்றால் வினாடிக்கு 107 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் காற்றுக்கு மட்டும் சுமார் 575 குதிரை. டயர் உருள ஒரு 35, 40 சேருங்கள். 610-ஐத் தாண்டிவிட்டது. இன்ஜினில் இருப்பது 627, அதுவும் 7400 சுற்றில். கியர்பாக்ஸ் விழுங்குவதையும் கழித்தால் கையில் மிச்சம் ஒன்றும் இல்லை. அந்தக் காருக்கு 386-தான் சுவர்.

இதே கணக்கில் எஃப்1-ஐ 407-க்குத் தள்ள இன்னும் 100 குதிரை போதும். அப்படியானால் வெய்ரானின் மீதி 270 எங்கே போகிறது? அதன் உடம்புக்கு. எடை 1888 கிலோ, பெரிய உடல், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. நான்கு டர்போ கக்கும் சூட்டைத் தணிக்க 10 ரேடியேட்டர். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், அதுவும் தடைதான். சம்பாதிப்பதில் பாதியைச் சம்பாதிக்கும் செலவுக்கே கொடுக்கிற கதை.

எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மர்ரே எதிர்வழியில் போனார். எஃப்1-இன் எடை 1138 கிலோ. உடற்கூடு முழுக்கக் கார்பன் ஃபைபர். சாலைக்கு விற்ற கார்களில் அதுதான் முதல். இன்ஜின் 250 கிலோவுக்குள், 550 குதிரையோடு வேண்டும் என்று கேட்டார். வந்தது 266 கிலோ, 627 குதிரை. அந்த 16 கிலோவை அவர் மன்னித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்!

அப்புறம் உங்கள் மச்சான். 0-100 என்பது டயர்ப் பிடிப்புக்கான தேர்வு. எஃப்1-இல் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் இழுவை, கியரைக் கையால் போட வேண்டும், சக்கரம் வழுக்கினால் தடுக்க மின்னணு எதுவும் கிடையாது. இத்தனைக்கும் மூன்று வினாடிக்குச் சற்று மேல்தான். நூறுக்கு மேல் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். 1994 சோதனையில் 160 கி.மீ.க்கு 6.3 வினாடி, 322-க்கு 28 வினாடி. 322-ஐத் தொடும் மின்சாரக் கார் எத்தனை என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

பெட்ரோல் மூக்கு:

391 என்று படித்த ஞாபகம்?

டைனோ தாத்தா:

அது அன்றைய ஓட்டத்தின் உச்சப் புள்ளி. ஒரே திசையில் ஓடினால் பின்காற்று உதவிவிடும் என்பதால் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தார்கள். அந்தச் சராசரி 386.4.

சர்ரேவாசி:

இங்கிலாந்தில் குட்வுட் வேகத் திருவிழாவில் இதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். பின்மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். இன்ஜின் அறையில் தங்கத் தகடு ஒட்டியிருப்பது தெரியும்தானே? மொத்தம் 16 கிராம் அளவுதான், வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்காக. கோயில் விமானம் மாதிரி தகதகவென்று இருக்கும் என்று நினைத்துப் போனேன். கிட்டப் போனால் கசங்கிய ஜிகினாத்தாள். ஓரத்தில் விரல் தடம் கூட இருந்தது. எனக்கு என்னவோ அது ரொம்பப் பிடித்துவிட்டது.

தாத்தா சொல்லாத ஒன்று: பிரேக். மிதிக்கும் விசையைக் கூட்டும் சர்வோ கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. பவர் ஸ்டியரிங்கும் இல்லை. அழுத்தமாக மிதித்தால் பின்னால் ஒரு சின்னச் சிறகு எழும்பும், கூடவே பின் பிரேக்கைக் குளிர்விக்கக் காற்று வழி திறக்கும். மற்றபடி காலும் டிஸ்க்கும்தான். 386-இல் போன மனிதரைவிட அங்கிருந்து நிறுத்திய காலைத்தான் நான் கும்பிடுவேன்.

வாங்கும் எண்ணம் இருந்தால் (சும்மா!) ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் டாங்கில் ஒரு ரப்பர்ப் பை இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கு இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். கோளாறு பார்க்கக் காம்பேக் கம்பெனியின் 90-களின் மடிக்கணினி ஒன்று பல காலம் தேவைப்பட்டது. மொத்தமே 106 கார். 2021-இல் ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

நாலாங்கியர்:

ரொம்ப நன்றி தாத்தா, நன்றி சர்ரேவாசி. 7800 சுற்றுக் கணக்கை நானே ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தேன், வந்துவிட்டது. முழுவதையும் மச்சானுக்கு அனுப்பினேன். மின்சாரக் காரைப் பற்றி இப்போது வாயே திறப்பதில்லை.

ஓட்டுநர் நடுவில், இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால் ஆளுக்கொரு சீட் என்று நான் சொன்னது தப்பாகப் போய்விட்டது. நடு சீட் தனக்குத்தான் என்கிறான். அவன் அக்காவும், அதாவது என் மனைவியும், அவன் பக்கம்.