20 ஆயிரத்துக்குள் 5.1: புது டிவிக்கு எது எடுக்கலாம்?

செங்கோட்டைப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் வீட்டில் 55 இஞ்ச் டிவி வாங்கினோம். படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் சத்தம் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கிறது. அப்பாவுக்கு வலது காது கொஞ்சம் மந்தம். பேசுகிற காட்சி வந்தால் "கூட்டு கூட்டு" என்பார், அடுத்த நிமிஷம் சண்டை வந்தால் அம்மா ஓடிவந்து குறைப்பாள், ஒரு படம் முடிவதற்குள் ரிமோட் ஐம்பது தடவை கை மாறிவிடுகிறது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் புனலூர், மலையாளப் படம் விடாமல் பார்ப்பாள், அப்பாவுக்கு அந்த வேகப் பேச்சு சுத்தமாகப் பிடிபடுவதில்லை.

பட்டாசாலை, அதாவது முன் ஹால், 12 அடி அகலம், 18 அடி நீளம். சிமெண்ட் தரை, மேலே மரமச்சு. இடது பக்கம் சுவர், வலது பக்கம் அடுக்களைக்குப் போகிற வழி, கதவு கிடையாது. சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது.

இங்கே ஒரு கடையில் 6500 ரூபாய்க்கு 5.1 செட், ஆயிரம் வாட்ஸ் என்று காட்டினார்கள். ஐந்து ஸ்பீக்கர், பேஸ் சத்தத்துக்கு ஒரு பெரிய சப்வூபர், லைட்டெல்லாம் எரிகிறது. டிவிக்குக் கீழே நீளமாக வைக்கிற பிராண்ட் சவுண்ட்பார் செட் 15 ஆயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். மாமா புனலூரில் ஓண ஆஃபரில் எடுக்கலாம் என்கிறார். 20 ஆயிரத்தைத் தாண்ட முடியாது. எது எடுக்க?

மேக்கரை வயர்மேன்:

தங்கச்சி, அந்த 6500 ரூபாய் செட்டை வாங்குவதற்கு முன்னால் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். எச்டிஎம்ஐ துவாரமோ ஆப்டிகல் துவாரமோ இருக்கிறதா? வெறும் ஆக்ஸும் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின்னும்தான் இருக்கிறது என்றால் டிவியிலிருந்து அதற்குப் போவது ரெண்டே சேனல், இடம் ஒன்று, வலம் ஒன்று. அந்த ரெண்டையே ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். பின்னால் மழை பெய்வதும் முன்னால் ஆள் பேசுவதும் ஒரே சத்தமாக எல்லா ஸ்பீக்கரிலும் வரும். சிலதில் 5.1 இன்புட் என்று ஆறு பின் இருக்கும், ஆனால் அந்த ஆறையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க டிவியில் வழி இல்லை, டிவி ஒரே வயரில் அனுப்புவதை ஆறாகப் பிரிக்க, நடுவில் டால்பி டிகோடர் என்று ஒரு பெட்டி தனியாக வாங்க வேண்டும். உள்ளேயே டிகோடர் உள்ளது வேண்டும் என்றால், எச்டிஎம்ஐ ஏஆர்சியோ (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ வயரிலேயே செட்டுக்கு அனுப்புகிற வசதி) ஆப்டிகலோ இருந்து, டால்பி டிஜிட்டல் என்றும் போட்ட செட்டாக எடுக்க வேண்டும்.

வாட்ஸை நம்பவே நம்பாதே. ஆயிரம் என்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் பிஎம்பிஓ கணக்கு, ஒரு கணம் எகிறுகிற உச்சத்தைச் சொல்வது. பிராண்ட் செட்டில் போட்டிருக்கிற 400 வாட்ஸும் தொடர்ந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளாதே. உங்கள் பட்டாசாலைக்கு அதில் கால்வாசி வந்தாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

உன் பணத்துக்கு சோனி எச்டி-எஸ்20ஆர் மாதிரி ஒன்று பார்க்கலாம். முன்னால் ஒரே பாரில் இடம், வலம், நடு என மூன்று, பின்னால் வயரோடு ரெண்டு சின்ன ஸ்பீக்கர், ஒரு சப்வூபர். ஏஆர்சி, ஆப்டிகல் ரெண்டும் உண்டு. 15-லிருந்து 18 ஆயிரத்துக்குள் வரும். சினிமாவில் பேச்சு முக்கால்வாசி நடு சேனலில்தான் இருக்கும். அப்பாவுக்கு வேண்டியது அதுதான்.

கடையநல்லூர் சுல்தான்:

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். பின் ஸ்பீக்கர் ரெண்டையும் அந்த வீட்டில் எங்கே வைப்பது? சோபா சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, ஒரு பக்கம் வழி. பின் ஸ்பீக்கரைத் தலைக்கு நேர் பின்னால் மாட்டினால் காதுக்குள்ளே கத்தும், முன்னால் வருகிற பேச்சையும் சேர்த்து அமுக்கிவிடும். தங்கச்சி கேட்பது அப்பாவுக்குப் பேச்சு புரிய வேண்டும் என்பதுதானே. நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 பார் ஒன்று, அதாவது முன்னால் மூன்றும் ஒரு சப்வூபரும், போதும்; பேச்சைத் தெளிவாக்கும் வாய்ஸ் மோடு, நைட் மோடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நைட் மோடு வெடிச் சத்தத்தை அமுக்கி மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். ரிமோட் சண்டை தீர அதுவே போதும்.

அப்புறம் தரைக்கு ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. வெறும் சிமெண்ட் தரையில் சத்தம் அடித்துத் திரும்பும், எந்த செட் வாங்கினாலும் பேச்சு குழறும். என் வீட்டில் முதலில் ஜமுக்காளத்தைப் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்த்தேன், வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது.

மேக்கரை வயர்மேன்:

சுல்தான் அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. ஜமுக்காளம் கட்டாயம். ஆனால் சோபாவை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட முடிந்தால் பின் ஸ்பீக்கர் நன்றாகவே அமையும். உட்கார்ந்தவர் காதுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளி, காதுக்கு ஒரு அடி ரெண்டு அடி மேலே. இடது பக்கம் சுவரில் அடிக்கலாம், வலது பக்கம் ஒரு ஸ்டாண்ட். வயரை வழிக்குக் குறுக்கே தரையில் விடாதே, அம்மா கால் தட்டிவிடும். நிலைக்கு மேலே பிவிசி பட்டி அடித்துக் கொண்டுபோ. பெட்டியில் வருகிற வயர் எத்தனை மீட்டர் என்று கடையிலேயே கேட்டுவிடு.

வயர் நீட்டும்போது பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. மாறினால் சத்தம் வரும், ஆனால் கனமில்லாமல், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் கேட்கும். எனக்கு சந்தேகம் வந்தால் வயரை செட்டிலிருந்து கழற்றிவிட்டு, அதன் முனையில் ஒன்றரை வோல்ட் கடிகார பேட்டரியை ஒரு நொடி தொடுவேன். பேட்டரி பிளஸ் ஸ்பீக்கர் பிளஸ்ஸில் பட்டால் கோன், அதாவது ஸ்பீக்கர் நடுவில் அதிர்கிற கூம்பு, வெளியே தள்ளும், மாறியிருந்தால் உள்ளே போகும். விரல் நுனியை லேசாக வைத்தாலே தெரியும்.

புனலூர் தமிழன்:

ஓண ஆஃபர் பற்றிக் கேட்டீர்கள். விலை குறையும்தான், ஆனால் நான் ஒரு தடவை பட்ட பாட்டைச் சொல்கிறேன். இங்கே ஒரு கடையில் வாங்கி தென்காசியில் அக்கா வீட்டில் வைத்தேன், நாலாம் மாதம் சப்வூபர் இரைய ஆரம்பித்தது, பில்லில் இருக்கிற முகவரிக்கு செட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆரியங்காவு வழியாக பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தேன். அதனால் வாங்கும் முன்னால், வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, எந்த ஊர் சர்வீஸ் சென்டர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய் வித்தியாசம் என்றால் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ எடுப்பதே மேல்.

செங்கோட்டைப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வயர்மேன் அண்ணன் சொன்ன செட்டையே தென்காசியில் எடுத்துவிட்டோம், சோபாவையும் இழுத்துப் போட்டாயிற்று. பேச்சு நன்றாகத் தெளிந்திருக்கிறது. ஆனால் பின் ஸ்பீக்கரில் ஒன்றுமே சரியாக வரவில்லை, காதை வைத்துக் கேட்டால் மெல்லமாக முன்னால் வருவதே வருகிறது. வயரெல்லாம் சரிதான், பேட்டரி வைத்தும் பார்த்தேன், கோன் வெளியேதான் தள்ளுகிறது. செட்டு கோளாறா?

மேக்கரை வயர்மேன்:

கோளாறு இருக்காது. டிவி செட்டிங்ஸில் சவுண்டுக்குள் போய் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தைப் பார். பிசிஎம் என்று இருக்கும். அதில் ஏஆர்சி வழியாக ரெண்டு சேனல்தான் போகும். அதை டால்பி டிஜிட்டல் என்று மாற்று. எச்டிஎம்ஐ வயர் டிவியில் ஏஆர்சி என்று எழுதிய துவாரத்தில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அப்புறம் எதைப் போட்டுப் பார்க்கிறாய் என்பதும் இருக்கிறது. யூடியூபில் பெரும்பாலும் ஸ்டீரியோதான். ஓடிடி ஆப்பில் 5.1 என்று போட்ட படமாக எடு, ஆடியோ மொழி தேர்வு செய்கிற இடத்தில் 5.1 என்று தனியாக இருந்தால் அதைத் தொடு.

இன்னொன்று. ஐப்பசி கார்த்திகையில் சாயங்காலம் இடி இறங்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ் வயரையும் கழற்று. டிஷ் வழியாக வந்த இடி மின்சாரம் செட்டாப் பாக்ஸ், டிவி, எச்டிஎம்ஐ வயர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி பாரின் போர்டு வரை எரித்ததை எங்கள் தெருவிலேயே ரெண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆப்டிகல் வயரில் போவது வெளிச்சம், அதன் வழியாக மின்சாரம் தாண்டாது, ஆனால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டிக் குறைக்கிற வசதி ஏஆர்சியில்தான் உண்டு. அப்பாவுக்கு ஒரே ரிமோட் போதும் என்றால் எச்டிஎம்ஐயிலேயே வை.

கடையநல்லூர் சுல்தான்:

சப்வூபரை மூலையில் வைத்திருந்தால் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளுங்கள். மூலையில் பேஸ் குமியும், அதுவும் பேச்சை மறைக்கும். சாரல் காலத்தில் செங்கோட்டைச் சுவரில் ஓதம் ஏறுமே, சப்வூபர் பெட்டி செய்திருப்பது அமுக்கிய மரத்தூள் பலகையில், அடி ஊறினால் உப்பிவிடும். தரையிலேயே வைக்காமல் ஒரு பலகை போட்டு அதன் மேல் வையுங்கள்.

செங்கோட்டைப் பொண்ணு:

பிசிஎம் தான் அண்ணா! மாற்றினதும் வந்துவிட்டது. மழைக் காட்சியில் அம்மா எழுந்துபோய் அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள், வெளியே வெயில் அடிக்கிறது. அப்பாவை நடுவில் உட்கார வைத்தோம், சப்தம் 18-ல் இருக்கிறது, முன்பு 45. சப்வூபருக்குக் கீழே தாத்தாவின் பழைய மணைப் பலகை போட்டிருக்கிறேன். பிவிசி பட்டி அடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.