அகல டயர் போட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

பொள்ளாச்சி டர்போ:
ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2013 மாடல். கம்பெனி டயர் 185/60 ஆர்15-ஐ (185 மில்லி அகலம், அதில் 60 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 15 இஞ்ச் ரிம்) கழற்றிவிட்டு 7.5 ஜே (ரிம் அகலம் 7.5 இஞ்ச்) அலாயில் 215/45 ஆர்17 போட்டேன். கடையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துக் காட்டினார்கள். எங்கேயும் உரசவில்லை. இரண்டு வாரம் தனியாளாக ஓட்டினேன், வண்டி தண்டவாளத்தில் போவது மாதிரி போனது.

அப்புறம் குடும்பத்தோடு வால்பாறை. பின்சீட்டில் அப்பா, அம்மா, அக்கா. டிக்கி நிறையப் பை. ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் பின்னாலிருந்து ‘சர்ர்’. ஆறாவதோ ஏழாவதோ வளைவில் அப்பா, “ஏதோ கருகுற வாடை வருதேப்பா” என்றார். “முன்னால போற லாரியோட பிரேக்குப்பா” என்றேன். முன்னால் லாரியே இல்லை.

ஒன்பதாவது வளைவில் எல்லாரும் இறங்கி அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து பின்சக்கரத்துக்கு மேலே கையை விட்டேன். விரலெல்லாம் கறுப்புத் தேங்காய்த் துருவல். ஃபெண்டர் விளிம்பு டயரின் தோளைச் சீவியிருக்கிறது. இன்னும் 31 வளைவு பாக்கி. துருவலை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஓட்டினேன்.

டயர் போனது போகட்டும். அந்த லாரிதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய பேலியோக்காரன்:
நீங்களாவது சரியான பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) போட்டீர்கள். என்னிடம் பேலியோ 1.6 இருந்தது, 2004-இல். ஃபியட்டுக்கு 4-க்கு 98 (நாலு ஓட்டை, 98 மில்லி வட்டம்) என்பது எனக்கே தெரியாது. கடைக்காரர் 4-க்கு 100 அலாயை எடுத்து வைத்து, “ரெண்டு மில்லிதானே சார், இறுக்கினா உக்காந்துக்கும்” என்றார். உட்கார்ந்தது மாதிரிதான் இருந்தது. ஃபியட்டில் நட் கிடையாது, போல்ட்தான். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு மில்லி தள்ளி இருந்தால் போல்ட் சாய்ந்துதானே இறங்கும்?

மதுரையிலிருந்து திருச்சி போகும்போது 80-க்கு மேல் ஒரே அதிர்வு. பேலன்சிங் என்று நினைத்து, கொட்டாம்பட்டி பக்கம் டீக்கு நிறுத்தியபோது சும்மா ஒரு போல்ட்டைத் தொட்டேன். ஸ்பானர் இல்லை, இரண்டு விரல். பாட்டில் மூடி மாதிரி திரும்பியது. முந்தின நாள் அந்த வண்டியில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். டீ ஆறிப்போகிற வரைக்கும் அங்கேயே குந்தி இருந்தேன்.

ஆஃப்செட் அண்ணாச்சி:
பொள்ளாச்சி தம்பி, அகலத்தின் மேல் பழி போடாதீர்கள். ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லி தள்ளி இருக்கிறது என்பது) என்ன என்று ஒரு வரிகூட எழுதவில்லையே! கம்பெனி வீல் 6 ஜே, ஈடி 40 (அதாவது ஆஃப்செட் 40 மில்லி) என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டது 7.5 ஜே, ஈடி 35 என்றால், ஒன்றரை இஞ்ச் கூடுதல் என்பது 38 மில்லி, பக்கத்துக்கு 19. ஆஃப்செட் குறைந்ததால் வெளிப்பக்கம் இன்னும் 5. ஆக ரிம் விளிம்பு வெளியே 24 மில்லி, உள்ளே 14 மில்லி தள்ளி வந்துவிட்டது. உரசாமல் என்ன செய்யும்?

ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்ப்பது முன்சக்கரத்துக்கான சோதனை. பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். அப்புறம் விட்டம். 185/60 ஆர்15 சுமார் 603 மில்லி, உங்களுடையது 625. மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட சுமார் 3.7 கிலோமீட்டர் கூடுதலாகப் போவீர்கள். போல்ட்டையும் பாருங்கள்: ஃபோக்ஸ்வேகன் கம்பெனி போல்ட்டின் உட்காரும் பகுதி உருண்டை, வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. பழைய போல்ட்டையே போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. நடுவில் ஹப் ரிங் (வீலின் நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பும் வளையம்) 57.1 மில்லிக்கு இருக்கிறதா? ஃபெண்டர் விளிம்பை மடக்குவதாக இருந்தால் முதலில் சூடு காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் வெடிக்கும்.

என் அனுபவம்: ஆக்டேவியா விஆர்எஸ், 225/40 ஆர்18-க்குப் பதில் 235/35 ஆர்19. கல்பாக்கம் தாண்டி ராத்திரியில் ஒரே பள்ளம், பக்கச்சுவரில் கொழுக்கட்டை சைஸில் வீக்கம். அவ்வளவுதான்.

மறைமலை ஆர்எஸ்:
அண்ணா, இவ்வளவு கணக்குப் போடுகிற நீங்களே 82 மில்லி பக்கச்சுவரை வைத்துக்கொண்டு இருட்டில் ஈசிஆரில் போனீர்களா?

எனக்கு விட்டத்தில் தப்பே இல்லை. பலேனோ ஆர்எஸ், அதே கம்பெனி ரிம், 195/55 ஆர்16-க்குப் பதில் 215/50. இரண்டும் 621 மில்லிதான். உரசல் இல்லை, அதிர்வு இல்லை. காய்ந்த ரோட்டில் கிரிப் கூடியது உண்மை.

நவம்பர் மழை. செங்கல்பட்டிலிருந்து வரும்போது ஜிஎஸ்டி ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்த இடம், 90 இருக்கும். திடீரென்று ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் ஆகிவிட்டது. பொம்மைக் கார் ஸ்டியரிங் மாதிரி. ஆர்பிஎம் முள் தானாக ஏறியது. ஒன்று, ஒன்றரை வினாடிதான். நான் எதுவும் செய்யவில்லை; செய்யத் தோன்றவும் இல்லை. பக்கத்து லேனில் ஒரு பஸ். அதன் ஜன்னலில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துக் கையாட்டியது, அந்த நேரத்தில்.

டயர் அகலமானால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அதிகம், அதே எடை பரவி நிற்கிறது, மிதக்கத்தான் செய்யும். இதை ஏன் எந்தக் கடையிலும் சொல்வதில்லை?

பழைய பேலியோக்காரன்:
பழைய 195-ஆக இருந்தாலும் தேங்கின தண்ணீரில் 90 போனால் மிதக்கும்மா. தேய்மானத்தையும் பாருங்கள்.

மறைமலை ஆர்எஸ்:
டயர் வாங்கி நாலு மாதம் சார். அதே ரோடு, அதே மழை, இரண்டு வருஷம் 195-இல் போயிருக்கிறேன்.

பொள்ளாச்சி டர்போ:
அண்ணாச்சி, ஆஃப்செட் 38. வீலின் உள்பக்கமே அச்சடித்திருந்தது, வாங்கும்போது நான் பார்க்கவில்லை. உங்கள் கணக்கைவிட மூன்று மில்லி குறைவு, ஆனாலும் உரசியது. நான் ஆலோசனை கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. பழைய 15 இஞ்சுக்கே திரும்பிவிட்டேன். 17 நாலும் மொட்டை மாடியில் சாக்குக்குள் கிடக்கிறது. அப்பா கேட்டதற்குப் பஞ்சர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கொங்கு டிஎஸ்ஐ:
அந்த 17 கொடுக்கிற ஐடியா இருக்கா ப்ரோ? 5-க்கு 100 தானே?